கோத்தகிரிக்கு மாதம் ஒரு தடவை போய்வர ஃபோர் வீல் டிரைவ் தேவையா?

நீங்கள் கேட்டது இது: கோவை சரவணம்பட்டியில் வேலை, தினமும் போக வர 30 கிலோமீட்டர். மாதம் ஒரு தடவை மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோருமாகக் கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போகிறீர்கள். கடைசி அரை கிலோமீட்டர் தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் மண்பாதை. பார்த்து வைத்த வண்டி டூ வீல் டிரைவிலும் (இன்ஜின் இரண்டு சக்கரத்தை மட்டும் இழுப்பது) வருகிறது, ஃபோர் வீல் டிரைவிலும் (நான்கையும் இழுப்பது) வருகிறது. விலை வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கு மேல். "மழையில் மலை ஏறுகிறீர்கள், குடும்பத்தோடு போகிறீர்கள், ஃபோர் வீல்தான் பாதுகாப்பு" என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மழையில் கொண்டை ஊசி வளைவில் குடும்பம் பத்திரமாக இருக்குமா என்பது ஒன்று. மழைக்காலத்தில் வண்டி வீட்டு வாசல் வரை போகுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வேறு வேறு. ஷோரூம்காரர் இரண்டாவது கேள்விக்கான பதிலை முதல் கேள்விக்குச் சொல்லிவிட்டார்.

நான் மேட்டுப்பாளையத்தில் 23 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினேன். குன்னூர் ரோடு, கோத்தகிரி ரோடு இரண்டும் எங்கள் ஊரிலிருந்துதான் மலை ஏறுகின்றன. கிளட்ச் தீய்ந்து பாதியில் நின்ற வண்டிகளையும், பிரேக் கருகிய நாற்றத்தோடு இறங்கி வரும் வண்டிகளையும் நிறையப் பார்த்தாயிற்று. தார் ரோட்டில் ஃபோர் வீல் இல்லாத குறையால் ஏற முடியாமல் நின்ற கார் என்று ஒன்றுகூட இத்தனை வருடத்தில் என்னிடம் வந்ததில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து உங்கள் வண்டி 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்தடி போனால் ஓரடி உயரும் ஏற்றம், மலை ரோட்டில் நல்ல ஏற்றம்தான். அதில் வண்டியை மேலே தள்ள எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிலோ அளவுக்கு விசை வேண்டும். நனைந்த தாரில் நல்ல டயருக்குக் கிடைக்கும் கிரிப், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் எடையில் ஏறக்குறைய பாதி. இன்ஜின் இழுக்கும் இரண்டு சக்கரங்கள்மேல் 700 கிலோ இருந்தாலே 350 கிலோ விசை வரும். தேவையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நான்கு சக்கரமும் இழுத்தால் 750 ஆகும், ஆனால் அந்தக் கூடுதலுக்கு அங்கே வேலை இல்லை. வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகி, சும்மா சுற்றுவது உண்டு. இப்போது வரும் பல வண்டிகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருப்பதால், அது அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து அடக்கிவிடும்.

ஏறுவதை விடுங்கள், இறங்குவதுதான் உயிர் விஷயம். இன்ஜின் இரண்டு சக்கரத்தை இழுத்தாலும் நான்கை இழுத்தாலும், பிரேக் எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்துவது டயரும் ரோடும் பிடித்துக்கொள்ளும் பிடி. அந்தப் பிடியை ஃபோர் வீல் டிரைவ் ஒரு துளிகூடக் கூட்டாது. அதே சரிவில் மழையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறீர்கள் என்றால், பிரேக் பிடித்ததிலிருந்து சுமார் 16 மீட்டரில் வண்டி நிற்கும். டயர் தேய்ந்து கிரிப் எடையில் பாதி என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, 0.3 அளவுக்கு இறங்கிவிட்டால், அதே வேகத்தில் நிற்க 31 மீட்டர் ஆகும். தூரம் இரட்டிப்பாகிறது. கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடும் 11 மீட்டர் தனி. இந்தக் கணக்கில் டூ வீல், ஃபோர் வீல் என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். வளைவில் வண்டி வழுக்கி வெளியே போவதும் இதே கணக்குத்தான்.

இன்னொன்றும் இதில் எனக்குக் கவலை. டூ வீல் வண்டி ரோடு வழுக்கினால் ஏறும்போதே சொல்லிவிடும். சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுற்றும், ஓட்டுகிறவர் உஷாராகிவிடுவார். ஃபோர் வீல் வண்டி சத்தமில்லாமல் ஏறிவிடும். ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்று தெரியாமலே மேலே போய், அதே தைரியத்தில் இறங்குகிறார்கள். வளைவில் பாறையைத் தட்டிவிட்டு முன்பக்கம் நசுங்கி வரும் வண்டிகளில் பெரிய ஃபோர் வீல் வண்டிகளுக்குக் குறைவே இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே விபத்து என்றால் பெரும்பாலும் இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனதாகத்தான் இருக்கும். செகண்ட் கியரில் இறங்கி, இன்ஜினையே பிரேக்காக வைத்து, பிரேக்கை விட்டு விட்டு அழுத்துகிறவருக்கு டூ வீல் வண்டியே போதும். நியூட்ரலில் இறங்குகிறவருக்கு எந்த டிரைவும் உதவாது.

அதனால் பாதுகாப்புக்கென்று செலவு செய்யப் பணம் இருந்தால் முதலில் டயருக்குப் போடுங்கள். டயர் பட்டனுக்கு நடுவே சின்னதாக ஒரு ரப்பர் மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் டயர் முடிந்தது என்று அர்த்தம். மலைக்குப் போகிறவர்களிடம் நான் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பேன். 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றிவிடச் சொல்வேன். மழையில் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். அப்புறம், வண்டி எடுக்கும்போது ஈஎஸ்சி (வண்டி வழுக்கினால் தேவையான சக்கரத்தைத் தானாகப் பிரேக் பிடித்து நேராக்கும் வசதி) இருக்கிறதா, ஆறு ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் ஃபோர் வீல் வேண்டும் என்றால் மேல் மாடலாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்படியானால் அந்த மேல் மாடலில் வேறு என்னென்ன பாதுகாப்பு சேர்ந்து வருகிறது என்று தனியாக எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கொஞ்சம் தயங்கிச் சொல்வது இது: தானாகவே நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் வண்டிகள், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்றவற்றின் ஏடபிள்யூடி மாடல்கள், நனைந்த வளைவிலிருந்து ஆக்சிலரேட்டர் மிதித்து வெளியே வரும்போது கொஞ்சம் நிதானமாக இருக்கின்றன. ஓட்டிப் பார்த்த எனக்கு அது தெரிந்தது. மூடுபனியில் மெதுவாகப் போகும் குடும்ப வண்டிக்கு அந்த வித்தியாசம் இரண்டு லட்சம் பெறுமா என்றால், என் அபிப்பிராயம் பெறாது என்பது. வேகமாக ஓட்டுகிறவர் மாற்றிச் சொல்லலாம். பனிக்கட்டி மூடிய ரோட்டில் நான் ஓட்டியதே இல்லை, அதனால் காஷ்மீர், இமாச்சல் பக்கம் போகிறவர்கள் சொல்வதோடு நான் வாதாடப் போவதில்லை. நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் படியும் உறைபனி வேறு, அது வேறு.

சரி, மண்பாதைக்கு வருவோம். இங்கே கணக்கே மாறிவிடும். தோட்டத்துப் பாதைகள் பல இடங்களில் ஐந்தடிக்கு ஓரடி ஏறும். அதே 1,500 கிலோ வண்டிக்கு இப்போது 300 கிலோ விசை வேண்டும். ஈர மண்ணில் கிரிப் 0.3 என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டி முன்சக்கரம் இழுப்பது என்றால், பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் மூட்டை, போதாததற்கு ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்வது, எல்லாம் சேர்ந்து முன்சக்கரங்கள்மேல் 675 கிலோதான் மிஞ்சும். கிடைக்கும் விசை 200 கிலோ. வண்டி அதே இடத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டு நிற்கும். பின்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு 825 கிலோ எடை, 250 கிலோ விசை. கிட்டத்தட்ட வந்துவிடும், ஆனாலும் போதாது. நான்கு சக்கரமும் இழுத்தால் 450 கிலோ. நின்று நிதானமாக ஏறிப் போகும். ஃபோர் வீல் டிரைவ் தன் விலைக்கு வேலை செய்யும் இடம் இதுதான். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஆளேற்றும் ஜீப்புகள் ஃபோர் வீலாக இருப்பது ஆடம்பரத்துக்காக இல்லை.

ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. நாள் முழுக்க மழை பெய்து செம்மண் சோப்பு மாதிரி ஆகிவிட்டால் கிரிப் 0.15-க்குக்கூட வந்துவிடும். அப்போது நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே 225 கிலோதான். 300 வேண்டிய இடத்தில் ஃபோர் வீலும் நிற்கும். எஸ்டேட்டில் ஓட்டிய காலத்தில் ஐப்பசி மழையில் ஜீப்பின் டயருக்குச் சங்கிலி சுற்றி ஏற்றியிருக்கிறேன். டவுனுக்கான டயரோடு வரும் ஃபோர் வீல் வண்டியைவிட, மண்ணுக்கான பட்டன் வைத்த டயரோடு வரும் டூ வீல் வண்டி சில பாதைகளில் நன்றாகப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

முன்சக்கரம் இழுப்பதற்கும் பின்சக்கரம் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் மலையில் டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு அத்துப்படி. இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர வண்டி. 2022-இல் வந்த ஹைகிராஸ் முன்சக்கர வண்டி. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மண் ஏற்றத்தில் நின்று எடுக்க வேண்டுமென்றால் கிரிஸ்டாதான் என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. தார் ரோட்டில் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. முன்சக்கர வண்டிக்காரர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வழி உண்டு. ஏறாத ஏற்றத்தில் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றுவது. ரிவர்ஸில் போகும்போது இழுக்கும் சக்கரங்கள் சரிவின் கீழ்ப்பக்கம் வந்துவிடும், எடை அவற்றின்மேல் சாயும், கிரிப் கூடும். பத்து, பதினைந்து மீட்டர் நேரான ஏற்றத்துக்கு இது நன்றாகவே உதவும். ஓரத்தில் சரிவு இருக்கும் பாதையில் மட்டும் செய்ய வேண்டாம். ஆட்களை இறக்கிவிட்டு, ஒருவரைப் பின்னால் தள்ளி ஓரமாக நிறுத்தி, சைகை பார்த்துச் செய்யுங்கள்.

ஃபோர் வீல் எடுப்பதாக முடிவு செய்தால் அது எந்த வகை என்று தெரிந்துகொண்டு எடுங்கள். ஷோரூமில் இதை யாரும் விளக்குவதில்லை. மஹிந்திரா தார், ஜிம்னி, ஸ்கார்பியோ-என் ஃபோர் வீல் மாடல் எல்லாம் நாமாகப் போட்டு எடுக்கும் வகை. சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும்; ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் அந்த வித்தியாசத்துக்கு டயர் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துவிடும். காய்ந்த தாரில் வழுக்காது. ஷாஃப்ட், பல்சக்கரம் எல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஸ்டீயரிங் கனக்கும், வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் தடுக்கும். ஒருவர் ஊட்டியிலிருந்து இறங்கும்போது "மலை ரோடுதானே" என்று காய்ந்த தாரில் ஃபோர் வீல் போட்டே வந்துவிட்டார். எங்கள் ஊர் வந்தபிறகு லிவரை எடுக்க முயன்றால் வரவே இல்லை. ஜாக்கி வைத்து ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கியதும் அது தானாகப் படாரென்று சுற்றி முறுக்கை விட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். ஆகவே இந்த வகை வண்டி எடுத்தால் உங்கள் மலைப் பயணத்தில் அரை கிலோமீட்டர் நீங்கலாக மீதி முழுவதும் நீங்கள் டூ வீலில்தான் போகப்போகிறீர்கள். ஷோரூம்காரர் சொன்ன "மலை ரோட்டுப் பாதுகாப்பு" அந்த வகைக்குப் பொருந்தவே பொருந்தாது.

தானாகப் பிரிக்கும் ஏடபிள்யூடி வகையில் அந்தத் தொல்லை இல்லை, எங்கேயும் ஓட்டலாம். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு லோ கியர் கிடையாது. லோ கியர் என்பது இன்ஜின் இழுவையை இன்னும் இரண்டு, இரண்டரை மடங்கு ஆக்கி, நடை வேகத்தில் வண்டியை ஏற்றவும் இறக்கவும் செய்யும் கியர். செங்குத்தான சேற்று இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இறங்க அதைவிட நல்ல துணை இல்லை. நான்கு சக்கரத்தையும் இன்ஜினே பிடித்து இறக்கும். இறக்கத்தில் ஃபோர் வீல் உண்மையிலேயே உதவுவது அப்போது மட்டும்தான். உங்கள் அரை கிலோமீட்டர் அவ்வளவு மோசமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

செலவைப் பற்றி எல்லோரும் மைலேஜைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். கிராண்ட் விட்டாரா 2022-இல் வந்தபோது கம்பெனி சொன்ன கணக்கு, மேனுவல் டூ வீலுக்கு லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், ஏடபிள்யூடிக்கு 19.38. வருடம் 10,000 கிலோமீட்டருக்கு 42 லிட்டர் வித்தியாசம், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றால் நாலாயிரத்துச் சொச்சம். ரோட்டில் இரண்டுமே அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும், ஆனாலும் வித்தியாசம் தாங்கக்கூடியதுதான். உண்மையான செலவு முதலில் கொடுக்கும் இரண்டு லட்சம். அடுத்தது டயர். ஏடபிள்யூடி வண்டியில் ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டால் அதை மட்டும் புதிதாகப் போட முடியாது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்தால், புது டயரின் சுற்றளவு அவற்றைவிட ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசத்தை, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் கப்ளிங் ஓயாமல் தாங்கிக்கொண்டு சூடாகும். நாமாகப் போடும் வகையில் முன் டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனியாக ஆயில் மாற்ற வேண்டும். மாதம் ஒரு தடவையாவது மண்ணில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் விழாது. உங்களுக்கு மாமனார் வீட்டுப் பாதையே அதற்குப் போதும்.

கோவையில் ஓட்டும் 30 கிலோமீட்டரில் ஃபோர் வீலுக்கு ஒரு வேலையும் இல்லை. மழை நாளில் லங்கா கார்னர் பாலத்துக்கடியில் தண்ணீர் நின்றால் ஃபோர் வீல் கடந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீரில் வண்டியைக் காப்பது காற்று உள்ளே போகும் வாயின் உயரம். அது மூழ்கினால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், எத்தனை சக்கரம் இழுத்தாலும் அதே கதிதான். ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, மலை ரோட்டுக்காக ஃபோர் வீல் எடுக்க வேண்டாம். மண்பாதைக்காக எடுக்கலாமா என்பதை அந்தப் பாதைதான் சொல்ல வேண்டும், நான் அதைப் பார்க்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் தென்மேற்கு மழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம், அதனால் சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மழை நாளில் அங்கே பால் வண்டியும் தேயிலை ஏற்றும் பிக்கப்பும் எப்படி வருகின்றன என்று மாமனாரிடம் கேளுங்கள். டூ வீல் பிக்கப் சரக்கில்லாமல் காலியாகவே ஏறிவிடுகிறது என்றால் உங்கள் காரும் பெரும்பாலும் ஏறிவிடும், ரோட்டோரம் விட்டுவிட்டு நடக்கும் நாள் வருடத்துக்கு நாலைந்துதான் இருக்கும். அம்மாவுக்கு அந்த அரை கிலோமீட்டர் நடக்க முடியாது, வண்டி வாசல் வரை போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அது வேறு விஷயம், அப்போது ஃபோர் வீலுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. அல்லது அந்தப் பாதையின் செங்குத்தான முப்பது அடியில் மட்டும் சக்கரம் ஓடும் இரண்டு வரிக்குக் கல் பதித்துவிட என்ன ஆகும் என்று ஒரு கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தத் தொகை இரண்டு லட்சத்தைவிட மிகக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்த தடவை போகும்போது உங்கள் போனில் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து, பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில் ஒரு நீளமான பலகையைக் கிடத்தி அதன்மேல் வைத்து எத்தனை டிகிரி என்று பாருங்கள். 6 டிகிரி என்றால் பத்துக்கு ஒன்று, 11 டிகிரி என்றால் ஐந்துக்கு ஒன்று. அந்த எண்ணையும், மண் செம்மண்ணா சரளையா என்பதையும், பார்த்து வைத்திருக்கும் வண்டியின் பெயரையும் எழுதுங்கள். வண்டியை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.